விண்ணில் விளைந்த வீரமும் ஏட்டில் ஏறிய பதக்கமும்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் பெரும்பாலும் சேனாபதிகளின் பெயர்களையும் பெரும்போர்களின் பெயர்களையுமே காண்பர். நாம் இவ்வாண்டு மலருக்கு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியது. பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சு விமானங்களில் இரவு தோறும் ஏறிச் சென்ற பணியாளர்களுக்கு வீரப்பதக்கங்கள் எம்முறையில் வழங்கப்பட்டன, எவருக்குக் கிடைத்தன, எவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அது. பதக்கத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பதக்கம் என்பது வெள்ளித் துண்டும் பட்டு நாடாவும் மட்டுமன்று. ஒருவன் செய்த செயலுக்கு அரசாங்கம் எழுதி வைத்த சாட்சி அது. அந்தச் சாட்சி எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தால், வீரத்தைப் பற்றி மட்டுமின்றி அலுவலகங்களைப் பற்றியும் பலவற்றை அறியலாகும்.

யுத்தத்தின் பிற்பாதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பெரிய குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர். நான்கு எஞ்சின்கள் பூட்டியது. அதில் எழுவர் செல்வர்: விமானி, வழி காண்பவர், எஞ்சின்களைக் கவனிக்கும் பிளைட் எஞ்சினியர், குண்டைக் குறிபார்த்து இடுபவர், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர், நடு மேற்கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர், வாற்கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர். இவர்களுள் சிலர் கமிஷன் பெற்ற அதிகாரிகளாயிருப்பர், பெரும்பாலோர் சார்ஜெண்டுகள். ஆயினும் விமானம் தரையை விட்டு எழுந்ததும் விமானியே தலைவர். விமானி சார்ஜெண்டாகவும் வழி காண்பவர் அதிகாரியாகவும் இருந்த விமானங்கள் உண்டு. அங்கே அதிகாரி சார்ஜெண்டின் உத்தரவுக்குக் கட்டுப்படுவார். வானத்தில் பதவி பார்க்கப்படவில்லை. எரியும் விமானத்தில் நெருப்பும் பதவி பார்ப்பதில்லை. திரும்பி வந்து தரையிறங்கியபின், பதக்கத்துக்கான காகிதம் எழுதும்போதுதான் பதவி மீண்டும் தலைகாட்டியது.

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் பிரிட்டிஷ் மன்னர் விமானப் படைக்கென்று புதிய பதக்கங்களை ஏற்படுத்தினார். அவற்றுள் பகைவனை எதிர்த்துப் பறந்து செய்த வீரச்செயலுக்கு உரியவை இரண்டு. ஒன்று டி.எப்.சி. எனப்படும் சிலுவை; மற்றது டி.எப்.எம். எனப்படும் பதக்கம். செயல் ஒன்றாயினும் பரிசு ஒன்றன்று. அதிகாரிக்கும் வாரண்ட் ஆபீசருக்கும் சிலுவை. சார்ஜெண்டு முதலியோருக்குப் பதக்கம். இரண்டும் வெள்ளியே. நாடாவும் வெண்மையும் ஊதாவும் கலந்த சாய்கோடுகளே. சிலுவைக்குரிய கோடுகள் அகலமானவை, பதக்கத்துக்குரியவை குறுகியவை. இதில் ஒரு விந்தையுண்டு. டி.எப்.எம். பதக்கத்தின் விளிம்பில் பெற்றவருடைய எண்ணும் பெயரும் பொறித்துத் தந்தனர். டி.எப்.சி. சிலுவையிலோ அக்காலத்தில் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை. ஆகவே, தாழ்ந்ததாக வைக்கப்பட்ட பதக்கமே தன்னைப் பெற்றவன் இன்னான் என்று இன்றும் வாய் திறந்து சொல்லுகிறது.

அந்த யுத்தத்தில் வழங்கப்பட்ட டி.எப்.சி. 20,354. டி.எப்.எம். 6,637. விமானங்களில் சார்ஜெண்டுகளே மிகுந்திருக்க, அதிகாரிகளின் சிலுவை மும்மடங்கு ஆனது எப்படி? சார்ஜெண்டுகள் பலர் போரிடையே கமிஷனோ வாரண்டோ பெற்று அந்தப் பக்கத்துக்கு மாறிவிட்டனர் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது என்பது நம் கருத்து. இடைவெளியைக் குறைக்க 1942-ஆம் ஆண்டில் சார்ஜெண்டு முதலியோருக்கென ஸி.ஜி.எம். என்ற உயர்ந்த பதக்கமொன்று வானப் போருக்கும் விரிவாக்கப்பட்டது. அது நூற்றுச் சொச்சம் பேருக்கே கிடைத்தது.

பதவி பாராத பதக்கம் ஒன்றுண்டு. 1856-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியார் ஏற்படுத்திய விக்டோரியா கிராஸ் அது. வெண்கலத்தாலானது, விற்றால் உலோகத்துக்குச் சில காசுகளே தேறும். சிப்பாய்க்கும் சேனாபதிக்கும் அதுவே. இறந்தவருக்கும் அதனை வழங்கலாம். இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. ஏனெனில் டி.எப்.சி., டி.எப்.எம். முதலியவற்றை அக்காலத்தில் இறந்தவருக்கு வழங்க இயலாது. பகைவன் முன்னிலையில் செய்த செயலுக்காக மாண்டவனுக்குக் கிடைக்கக் கூடியவை இரண்டே: எல்லாவற்றிலும் உயர்ந்த விக்டோரியா கிராஸ், அல்லது எல்லாவற்றிலும் சிறிய, அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுதல். இடையில் ஒன்றுமில்லை. ஒருவன் உயிரோடிருக்கும்போது சிபார்சு எழுதப்பட்டு, ஆணை வெளிவருமுன் அவன் இறந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் அலுவலகத்தார் வழி கண்டனர். அவன் உயிருடனிருந்த ஒரு தேதியைக் குறித்து, அத்தேதி முதல் அமலுக்கு வருமாறு கெஜட்டில் வெளியிட்டனர். ‘அமலுக்கு வரும் தேதி’ என்ற தொடரைத் தினந்தோறும் எழுதிக் கை தேய்ந்த நம்மவர்க்கு இது வியப்பாயிராது. ஒரு தேதியின் தயவால் எத்தனையோ தாய்மார்களின் கைக்கு மைந்தனின் சிலுவை வந்து சேர்ந்தது.

இனி மனிதர்களைக் காண்போம்.

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இரவு. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தின் மீது படையிறக்க ஜெர்மானியர் சேர்த்து வைத்திருந்த படகுகளை அழிக்க, 83-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஹாம்ப்டன் விமானமொன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குச் சென்றது. அதில் நால்வர். கம்பியில்லாத் தந்தியும் துப்பாக்கியும் இயக்கியவர் ஜான் ஹானா என்ற ஸ்காட்லாந்து இளைஞர். பெய்ஸ்லி என்ற ஊரில் பிறந்தவர், வயது பதினெட்டு, படையில் சேருமுன் பாதரட்சைக் கடையில் விற்பனை செய்தவர். கீழிருந்து வந்த குண்டொன்று விமானத்தின் வயிற்றில் வெடித்து, எண்ணெய்த் தொட்டிகளைத் துளைத்தது. நெருப்பு நொடியில் பரவிற்று. காலின் கீழிருந்த அலுமினியத் தளம் உருகிச் சொட்டியது. பின்புறத் துப்பாக்கி வீரரும் வழி காண்பவரும் பாரச்சூட்டுடன் குதித்துவிட்டனர். ஹானாவும் குதித்திருக்கலாம், எவரும் குறை சொல்லியிரார். அவர் குதிக்கவில்லை. தீயணைப்புக் கருவிகள் இரண்டு தீர்ந்தபின், கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தாலும், பிறகு வெறுங்கையாலும் நெருப்பை அடித்தார். சூட்டில் ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் அவரைச் சுற்றி வெடித்துக்கொண்டிருந்தன. பத்து நிமிஷத்தில் தீ அணைந்தது. முகமும் கைகளும் வெந்த நிலையில், வழி காண்பவரின் படங்களை எடுத்துக்கொண்டு தவழ்ந்து சென்று விமானி கானரிடம் கொடுத்தார். விமானம் வீடு திரும்பியது.

அந்த ஒரே விமானத்துக்கு அரசாங்கம் மூன்று விதப் பதக்கங்களை அளித்தது. ஹானாவுக்கு விக்டோரியா கிராஸ். அக்டோபர் 1-ஆம் தேதியே கெஜட்டில் வெளிவந்தது. பைலட் ஆபீசர் கானருக்கு டி.எப்.சி. குதித்துச் சிறைப்பட்ட வழி காண்பவரான சார்ஜெண்டுக்கு டி.எப்.எம். விதிகளைப் படித்துப் புரியாதவர்கள் இந்த ஓர் இரவைப் பார்த்தால் முழுவதும் புரிந்துகொள்வர்.

அந்தப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்களில் மிக இளையவர் ஹானாவே. பத்திரிகைகளில் படம் வந்தது. அரண்மனையில் மரியாதை நடந்தது. அதன்பின் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. தீக்காயத்தால் தளர்ந்த உடலில் க்ஷயரோகம் புகுந்தது. 1942-ஆம் ஆண்டு இறுதியில் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டனர். மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உண்டு. டாக்ஸி ஓட்டிப் பார்த்தார், நோய் விடவில்லை. 1947-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் சானடோரியத்தில் உயிர் நீத்தார். அப்போது வயது இருபத்தைந்து.

நாம் விரித்துரைக்க விரும்புவது நார்மன் ஜாக்ஸன் என்பவரின் வரலாற்றை. இவர் லண்டனை அடுத்த ஈலிங்கில் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போனவர். தொழில் பிட்டர் வேலை. யுத்தம் மூண்டதும் விமானப் படையில் எஞ்சின் பிட்டராகச் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் கடல் விமானங்களுக்குப் பழுது பார்த்தார். தரையிலிருந்து செய்யும் வேலை, ஆபத்து குறைவு. ஆனால் தாமாகவே முன்வந்து பிளைட் எஞ்சினியர் பயிற்சி பெற்று, 106-ஆம் ஸ்குவாட்ரனில் லங்காஸ்டரில் ஏறினார். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் மெக்கானிக்குகளை நாம் ஒவ்வொரு லோகோ ஷெட்டிலும் கண்டிருக்கிறோம். ஜாக்ஸன் அந்த இனத்தவர்.

முப்பது முறை பகைநாட்டின் மேல் பறந்து திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது, அதன்பின் ஓய்வு. ஜாக்ஸன் ஒரு முறை வேறொரு குழுவினருடன் பறக்க நேர்ந்ததால், தம் தோழர்களுக்கு முன்னரே அவருடைய முப்பது முடிந்துவிட்டது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், மனைவிக்கு முதற்குழந்தை ஆண் மகவாகப் பிறந்திருக்கிறது என்ற செய்தியும் வந்தது. வீட்டுக்குச் செல்ல வேண்டியவர் செல்லவில்லை. தோழர்களின் சுற்று முடிய இன்னும் ஒரு பயணம் இருந்தது. புதிய எஞ்சினியரோடு அவர்களை அனுப்ப மனமில்லாமல், முப்பத்தொன்றாவது முறை தாமும் ஏறினார். இலக்கு ஷ்வைன்பர்ட் நகரம். ஜெர்மனியின் பால் பேரிங் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். பால் பேரிங் இல்லாவிட்டால் மோட்டாரும் ஓடாது, விமானமும் பறக்காது என்பதால் அந்த ஊரின் மேல் நேசநாட்டினருக்கு நெடுநாளாகக் கண்.

குண்டுகளை இட்டுத் திரும்புகையில், ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில், ஜெர்மானியச் சண்டை விமானமொன்று பாய்ந்து சுட்டது. வலப்பக்க இறக்கையின் மேல், உடலுக்கும் உள் எஞ்சினுக்கும் நடுவே, பெட்ரோல் தொட்டியருகே தீப்பற்றியது. ஜாக்ஸனுக்குக் காலிலும் தோளிலும் சில்லுகள் பாய்ந்திருந்தன. தாம் வெளியே சென்று தீயை அணைத்து வருவதாக விமானி மிப்ளினிடம் கேட்டு அனுமதி பெற்றார். வெளியே என்றால் எங்கே? மணிக்கு 200 மைல் வேகத்தில் பறக்கும் விமானத்தின் முதுகின் மேல், நடு இரவில், உறையும் குளிரில்.

தீயணைப்புக் கருவியொன்றை மேலங்கிக்குள் செருகிக்கொண்டார். பாரச்சூட்டை மார்பில் மாட்டிக்கொண்டு, விமானியின் தலைக்கு மேலிருந்த கதவைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினார். பாதி ஏறுமுன் பாரச்சூட்டு தானே பிரிந்து விமானிக் கூண்டுக்குள் கொட்டியது. இன்னொருவராயின் அத்துடன் நிறுத்தியிருப்பார். அவர் நிறுத்தவில்லை. விமானி, குண்டு இடுபவர், வழி காண்பவர் ஆகியோர் பட்டுத் துணியைச் சேர்த்துப் பிடித்து, கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கயிறு விடுவதுபோல, அதன் கயிறுகளைச் சிறிது சிறிதாக விட்டுக் கொடுத்தனர். அவர் விமானத்தின் முதுகில் தவழ்ந்து பின்னோக்கி ஊர்ந்தார். சறுக்கினார். இறக்கையின் மேல் விழுந்து, அதன் முன்விளிம்பிலிருந்த காற்றுத் துவாரத்தைப் பற்றிக்கொண்டார். தீயணைப்புக் கருவி காற்றில் போயிற்று. நெருப்பு அவரையே சூழ்ந்தது. முகமும் கைகளும் உடையும் எரிந்தன. பிடி தளர்ந்து, தீக்கிடையே இழுபட்டு இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்தார். உள்ளேயிருந்தவர்கள் கடைசியாகக் கண்டது, அரைகுறையாக விரிந்து, ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த பாரச்சூட்டுடன் அவர் இருளில் வீழ்ந்ததையே.

வேகமாக விழுந்ததில் கணுக்கால் ஒடிந்தது. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. கைகள் உதவாமற் போயின. விடிந்ததும் முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்து அருகிலிருந்த கிராமத்தை அடைந்து சிறைப்பட்டார். பத்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். தேறியபின் சும்மாயிராமல் இருமுறை தப்ப முயன்று, இரண்டாம் முறை அமெரிக்கப் படையினரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் விழுந்ததும் விமானத்தைக் கைவிட உத்தரவான அந்த இரவில், மற்ற நால்வர் குதித்துப் பிழைத்தனர். விமானி மிப்ளினும் வாற்கூண்டு வீரரும் மாண்டனர்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஜாக்ஸனின் முயற்சி பலிக்கவில்லை. தீ அணையவில்லை, விமானம் பிழைக்கவில்லை. காரியம் கைகூடினால்தான் பாராட்டு என்ற அலுவலகக் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திராது. அன்றியும், அன்றிரவு நடந்ததை இங்கிலாந்தில் எவரும் அறியார். விமானம் திரும்பவில்லை என்ற ஒரு வரியோடு பதிவேடு முடிந்திருந்தது. போர் ஓய்ந்து, சிறைமுகாம்களிலிருந்து தோழர்கள் மீண்டு வந்து சொன்ன பின்னரே செய்தி வெளிப்பட்டது. 1945-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் கெஜட்டில் அவர் பெயர் ஏறியது. வீரம் ஏப்ரலில், சாட்சி பதினெட்டு மாதம் கழித்து. அந்த நால்வரும் மாண்டிருந்தால்?

அரண்மனையில் ஜாக்ஸன் சிலுவை பெற்ற அன்று, லெனார்டு செஷயர் என்ற புகழ் பெற்ற விமானியும் விக்டோரியா கிராஸ் பெற வந்திருந்தார். செஷயர் குரூப் கேப்டன்; நூறு முறை பறந்தவர்; பல பதக்கங்கள் ஏற்கெனவே மார்பிலிருந்தன. தம்மைவிட ஜாக்ஸனே துணிந்தவர், அவருக்கே முதலில் வழங்க வேண்டும் என்று செஷயர் மன்னரிடம் வேண்டியதாகவும், மரபை மீற இயலாமல் மன்னர் பதவி வரிசைப்படியே வழங்கியதாகவும் கூறுவர். பதவி பாராத பதக்கத்தைக் கொடுப்பதற்கும் பதவிப்படியே வரிசை! இந்தச் செஷயர் பிற்பாடு போரைத் துறந்து, நோயுற்றோருக்கும் அங்கம் குறைந்தோருக்கும் இல்லங்கள் அமைப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். 1950-களில் பம்பாயில் தொடங்கி, இந்தியாவின் பல நகரங்களில் எழுந்த செஷயர் இல்லங்கள் அவர் பெயரால் அமைந்தவையே. அவற்றின் பெயர்ப்பலகையைக் கண்டவர் பலர். அந்தப் பெயருக்குரியவர் குண்டுவீச்சு விமானி என்பதை அறிந்தவர் சிலரே.

ஜாக்ஸன் போருக்குப் பின் ஊர் ஊராகச் சென்று விஸ்கி விற்கும் பிரதிநிதியாக உழைத்து, ஏழு மக்களை வளர்த்து, 1994-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். கைகளில் தழும்பு கடைசிவரை இருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2004-இல், அவருடைய பதக்கங்கள் ஏலத்தில் 2,35,250 பவுனுக்கு விலை போயின.

ஜார்ஜ் தாம்ஸன் வரலாற்றைச் சுருக்கியே சொல்கிறோம். ஸ்காட்லாந்தில் பலசரக்குக் கடையில் தொழில் பயின்றவர். 9-ஆம் ஸ்குவாட்ரனில் தந்தி இயக்குபவர். 1945-ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று, பட்டப்பகலில், ஜெர்மனியின் டார்ட்மண்டு – எம்ஸ் கால்வாயின் மேல் அவருடைய லங்காஸ்டர் அடிபட்டது. எரியும் நடுக்கூண்டிலிருந்து ஒரு தோழரை இழுத்து வந்து, அவர் உடையிலிருந்த தீயை வெறுங்கையால் அடித்து அணைத்தார். பிறகு மீண்டும் நெருப்பினூடே சென்று வாற்கூண்டிலிருந்தவரையும் அவ்வாறே மீட்டார். பிறகு விமானியிடம் நிலைமையைச் சொல்லச் சென்றார். முகம் வெந்திருந்ததால் விமானிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மீட்கப்பட்ட இருவரில் ஒருவர் இறந்தார், ஒருவர் பிழைத்தார். தாம்ஸன் மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் மாண்டார். விமானியான அதிகாரிக்கு டி.எப்.சி.; தாம்ஸனுக்கு, இறந்தபின், விக்டோரியா கிராஸ்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்த விமானங்கள் எதைச் சுமந்து சென்றன என்பதை மறைப்பது நேர்மையன்று. 1943-இல் ஹாம்பர்க்கும் 1945-இல் டிரெஸ்டனும் பட்ட பாட்டை உலகம் அறியும். தீக்கு இரையான பெண்டிரும் குழந்தைகளும் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இல்லை. அந்த நினைவே வெற்றி பெற்ற இங்கிலாந்துக்கும் முள்ளாய் உறுத்தியது போலும். குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,000-க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தும், அவர்களுக்கெனத் தனிப் பதக்கம் அடிக்கப்படவில்லை. லண்டனில் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். பழைய யுத்த நட்சத்திரத்தின் நாடாவில் பூட்டிக்கொள்ள ஒரு சிறு பட்டை அளிக்கப்பட்டது 2013-இல். அப்போது உயிரோடிருந்தவர்கள் தொண்ணூறு வயதை எட்டிய முதியவர்கள். கொள்கை வகுத்தவர்களின் பொறுப்பும், நெருப்பில் கைவைத்துத் தோழனை இழுத்த சார்ஜெண்டின் வீரமும் வேறு வேறு கணக்குகள் என்றே நாம் எண்ணுகிறோம். ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க இயலாது.

நம் நாடு இவ்விஷயத்தில் செய்தது நினைக்கத்தக்கது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், குடியரசு பிறந்த அன்றே, பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் ஆகியவை ஏற்படுத்தப்பட்டன. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் அமலுக்கு வரும்படியாக. மூன்றுமே எல்லாப் பதவியினருக்கும் உரியவை. அதிகாரிக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று என்ற பாகுபாடு வெள்ளையரோடு கப்பலேறியது. இறந்தவருக்கும் மூன்றையும் வழங்கலாம். முதல் பரம வீர சக்கரமே, காஷ்மீரில் பட்காமில் 1947-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் உயிர் நீத்த மேஜர் சோமநாத் சர்மாவுக்கு, அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டதன்றோ! பிரிட்டனோ, டி.எப்.எம்.-ஐ நீக்கி, டி.எப்.சி.-யை எல்லாப் பதவியினருக்கும் பொதுவாக்கியது 1993-ஆம் ஆண்டில். இறந்தவருக்கும் அதனை அளிக்கலாம் என்ற விதி 1979-இல் வந்தது.

கடைசியாக ஒருவர். ஆண்ட்ரூ மைனார்ஸ்கி கனடா நாட்டின் வின்னிபெக் நகரத்தவர். போலந்திலிருந்து பிழைக்க வந்து குடியேறிய பெற்றோரின் மகன். தோல் வேலை செய்தவர். 419-ஆம் கனடிய ஸ்குவாட்ரனில் நடுக்கூண்டுத் துப்பாக்கி வீரர். அவருடைய உற்ற நண்பர் வாற்கூண்டிலிருந்த பாட் பிரோபி. 1944-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் இரவு, நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், அவர்களுக்கு இட்ட இலக்கு பிரான்ஸின் கம்ப்ரே நகர ரெயில்வே மார்ஷலிங் யார்டு. ஒரு யார்டு முடங்கினால் எத்தனை சரக்கு வண்டிகள் எத்தனை நாள் நிற்கும் என்பதை ரெயில்வேயில் இருப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை. கடற்கரைக்குச் செல்ல வேண்டிய ஜெர்மானியப் படையும் தளவாடமும் அங்கே தேங்க வேண்டும் என்பதே நோக்கம்.

நள்ளிரவு கழிந்து, ஜெர்மானிய விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. இறக்கையிலும் உடலின் பின்பகுதியிலும் தீப்பற்றியது. குதிக்கும்படி விமானி டி பிரெயின் உத்தரவிட்டார். மைனார்ஸ்கி குதிக்கும் வாயிலை அடைந்தார், திரும்பிப் பார்த்தார். பிரோபியின் கூண்டு அசையவில்லை. அதைச் சுழற்றும் சக்தி இடப்பக்க எஞ்சினிலிருந்து வருவது. கையால் சுழற்றும் கருவியும் முறிந்துவிட்டது. மைனார்ஸ்கி தவழ்ந்து தீயினூடே சென்றார். கோடரியால் நெம்பினார்; பிறகு கையால் இழுத்தார். உடையிலும் பாரச்சூட்டிலும் தீப்பிடித்தது. இனிப் பயனில்லை, நீயாவது போ என்று பிரோபி கைகாட்டினார். மைனார்ஸ்கி முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே தவழ்ந்து, வாயிலை அடைந்து, எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று, நண்பரை நோக்கிச் சல்யூட் செய்துவிட்டுக் குதித்தார். தரையை அடைந்தபோது உயிர் இருந்தது. தீக்காயத்தால் விரைவில் இறந்தார். மெஹாரிகூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சாக வேண்டிய பிரோபி சாகவில்லை. விமானம் மரங்களில் மோதி உடைந்தபோது, வாற்கூண்டு பிய்ந்து, அவர் தூர எறியப்பட்டுப் பிழைத்தார். பிரெஞ்சு மக்களின் உதவியால் மறைந்திருந்து செப்டம்பரில் இங்கிலாந்து சேர்ந்தார். மைனார்ஸ்கியின் செயலுக்கு உலகிலிருந்த ஒரே கண்கண்ட சாட்சி அவர்தாம். அவர் 1945-இல் தம் பழைய விமானியைச் சந்தித்து முழுவதையும் சொன்னார். விமானி சிபார்சு எழுதினார். காகிதம் மேலே மேலே சென்றது. 1946-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் ஆண்ட்ரூ மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் கெஜட்டில் வெளிவந்தது.

எழுவரும் ஒருங்கே மாண்ட விமானங்கள் ஆயிரக்கணக்கில். அவற்றினுள் கடைசி நிமிஷங்களில் யார் யாருக்காகத் தீயில் புகுந்தனர் என்பதைச் சொல்ல ஒரு பிரோபி மிஞ்சவில்லை.

இன்று உலகில் பறக்கும் நிலையில் இருக்கும் லங்காஸ்டர் விமானங்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ளது. அது அன்றிரவு விழுந்த விமானமன்று. ஆயினும் அதன் பக்கவாட்டில், மைனார்ஸ்கி அன்றிரவு ஏறிச் சென்ற விமானத்தின் எழுத்துக்களையே தீட்டி வைத்திருக்கிறார்கள்.